வால்வக்காவின் புது விளக்கு

திருப்பத்துக்குப் பத்தடி இருக்கும்போதே வால்வக்கா கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறார். வண்டி வேகம் எடுப்பதில்லை. வெளிச்சம்தான் எடுக்கிறது. அணையப்போகும் தணல் போலக் கிடந்த முன்விளக்கு, இன்ஜின் உறுமியதும் மஞ்சளாக விழித்துக்கொண்டு, குப்பைத்தொட்டி, சாக்கடை மூடி, படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் ஒரு நொடி காட்டுகிறது. அந்த ஒரு நொடியில் பார்த்து வைத்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, மீதி வளைவை இருட்டிலேயே வளைகிறார். அப்போது மணி நாலேகால். தெருவில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

அது இருபத்தாறு வயது மோட்டார் சைக்கிள். அதன் விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப நேராக வரும். மெதுவாகப் போனால் மங்கும், நின்றால் கிட்டத்தட்ட அணைந்தே போகும். "நான் கத்தினாதான் அது கண்ணத் தொறக்கும். எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்பார் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். இதைக் கேட்டாலும் மிஷினிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்.

குடிநீர்ப் பிரிவில் வால்வு திறப்பது அக்காவின் வேலை. பெரிய தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைத் தெருத்தெருவாகப் பிரித்துவிட வேண்டும். மொத்தம் பதினான்கு குழிகள். ஒவ்வொன்றின் இரும்பு மூடியையும் தூக்கி, மார்பு உயரமுள்ள ஓர் இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருக வேண்டும். அந்தச் சாவியைப் பழைய டியூப் கொண்டு வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருப்பார். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை. "பள்ளிக்கூடத் தெரு பதினெட்டு. அச்சகத் தெரு பதினொண்ணு. மேட்டுத் தெருவுக்கு இருபத்திரெண்டு. ஏறணும் இல்ல, அவளுக்கு மூச்சு வாங்கும்." அவள் என்று அவர் சொல்வது தண்ணீரை.

திருகி முடித்ததும் சாவியின் தலையில் காதை வைத்துக் கேட்பார். முதலில் வெறும் காற்று. பிறகு யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். அதன் பிறகு அக்காவின் முகம் தூக்கத்தில் சிரிக்கிறவர்களின் முகம் போல ஆகும். "வந்துட்டா" என்பார். யாரிடமும் இல்லை. மூடியை மூடிவிட்டு அடுத்த குழிக்குக் கிளம்புவார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குள்ளம். கால் தரையில் எட்ட வேண்டும் என்று கணவர் சீட்டின் பஞ்சை வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் தைத்துக் கொடுத்திருக்கிறார். காக்கிச் சட்டையும் அவர் தைத்ததுதான். அதில் ஒன்பது பாக்கெட். ஒன்றில் சாக்பீஸ், ஒன்றில் நாய்க்கு ரொட்டித் துண்டு, இன்னொன்றில் பஞ்சில் சுற்றிய உபரி பல்பு. மற்ற ஆறில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "காத்து. அதுவும் வேணும்" என்கிறார்.

போன மாதம் அவர் விழுந்தார். கேபிள் புதைக்க யாரோ சாலையை வெட்டிவிட்டு, ஒரு கல்லைக்கூட அடையாளத்துக்கு வைக்காமல் போயிருந்தார்கள். அக்கா முறுக்கினார். வெளிச்சம் வருவதற்குள் முன்சக்கரம் பள்ளத்துக்குள் போய்விட்டது. முழங்கை உரிந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மேற்பார்வையாளர் அவரைவிட இருபது வயது சின்னவர். கையில் எப்போதும் கிளிப் மாட்டிய அட்டை இருக்கும். கெட்டவர் இல்லை, ஆனால் அட்டையில் கட்டம் இல்லாத விஷயம் எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தாங்கா பதில் சொல்லணும்" என்றார். "மாசக் கடைசியில நானே பின்னாடி உக்காந்து வரேன். முதல் குழியில இருந்து கடைசிக் குழி வரைக்கும் லைட்டு ஒரே சீரா எரியணும். இல்லன்னா ரவுண்டு வேற ஆளுக்குப் போயிடும். நீங்க பம்ப் ரூம்ல உக்காந்து மீட்டர் எழுதுங்க. நிழல்ல இருக்கலாம்."

"காலைல நாலு மணிக்கு எதுக்கு சார் நிழலு?"

முழங்கை ஆறும் வரை இரண்டு நாள் அக்காவைப் பம்ப் ரூமில் உட்கார வைத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு மேசை, நாலு மீட்டர், ஒரு சுவர். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தவர், "தண்ணி அந்தப் பக்கமாவே போகுதுங்க. எனக்கு மூஞ்சியக் காட்டாமலே போகுது" என்று கணவரிடம் சொன்னார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லையாம். தையல்காரர், அவர்கள் வீட்டுக்குப் போய்வரும் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அவரே போய் ஒரு வெள்ளை பல்பு வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியில் சூரியன் படம் போட்டிருந்தது. அவரே மாட்டியும் விட்டார். "போட்டுப் பாரு. மேல போற விமானம் நம்ம தெருவுல இறங்கிடும்."

மறுநாள் மரங்களின் உச்சிக் கிளைகள் பகல் போல ஒளிர்ந்தன. பறவைகள் ஒரு மணி நேரம் முன்பாகவே கத்தத் தொடங்கின. சக்கரத்துக்கு முன்னால் மட்டும் பழைய இருட்டு அப்படியே கிடந்தது. வண்டி மெதுவானால் விளக்கு படபடவென்று கண் சிமிட்டியது. மழை பெய்து ஈரமாயிருந்த இடங்களில் அந்த வெள்ளை வெளிச்சம் தரையில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. எதிரே வந்த ரொட்டி வேன்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "யம்மா, நெத்தியில சூரியனக் கட்டிக்கிட்டா வர்றீங்க? எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்று கத்தினார்.

அக்கா வீட்டுக்கு வந்து பல்பைக் கழற்றித் தையல் மிஷின் டிராயரில் போட்டார். "விமானம் ஒண்ணும் இறங்கலீங்க. நான்தான் ரெண்டு தடவ இறங்கித் தள்ளினேன்."

பிறகுதான் ஒயரிடம் போனார். ஒயர் என்பவர் இருசக்கர வாகனங்களுக்கு மின்சார வேலை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக். மின்கம்பியின் தோலைப் பல்லால் உரிப்பார். பேசும்போது உதட்டில் சிவப்பு, பச்சைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும்.

"பல்பு மேல தப்பு இல்லக்கா. இந்தக் கிண்ணம் மஞ்ச பல்புக்குன்னு செஞ்சது. இதுல அத வெச்சா, வெளிச்சம் எங்க போறதுன்னு தெரியாம வானத்துக்குப் போயிடும். கரண்டும் அப்படித்தான், ஏறி ஏறி இறங்குது. காயிலப் புதுசா சுத்தி, கரண்ட முதல்ல பேட்டரிக்கு அனுப்பிட்டு, அங்க இருந்து விளக்குக்குக் குடுக்கணும். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க. முன்விளக்கு டூமையே மாத்திடவா? சதுரமா புதுசு வந்திருக்கு."

"மூஞ்சிய மாத்தாத தம்பி. உள்ள என்ன வேணா பண்ணிக்க."

"அப்ப கண் ஆபரேஷன்னு சொல்லுங்க."

வண்டியை விட்டுவிட்டுப் போகத்தான் சொன்னார். அக்கா போகவில்லை. விடியற்காலை ரவுண்டைக் கணவரின் சைக்கிளில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு முடித்துவிட்டு, இரண்டு நாளும் ஒயர் கடை வாசலில் ஒரு பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் ஒயர் வண்டியை எதிர்ச்சுவரைப் பார்த்து நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"ஏறி உக்காருங்கக்கா. ஆள் இல்லாம அளந்தா மறுபடியும் வானத்தத்தான் காட்டும். அந்தச் சாவியையும் கட்டுங்க. எல்லா எடையும் இருக்கணும்."

அக்கா சாவியைக் கட்டினார். ஒன்பது பாக்கெட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டிச் சாவியைப் போட்டதும், இன்ஜின் ஓடாமலே சுவரில் ஒரு வெளிச்சம் வந்தது. வெள்ளையும் இல்லை, முழு மஞ்சளும் இல்லை. பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை நிறம். ஒயர் திருகாணியை முடுக்க முடுக்க அது மெல்ல இறங்கி வந்து கோட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டது. ஆடவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.

மறுநாள் நான் சைக்கிளில் அவர் பின்னால் போனேன். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, அடுத்து என்ன என்று தெரியவில்லை, தூக்கமும் வருவதில்லை. அதனால் போனேன். அக்கா முறுக்கவே இல்லை. யாரோ ஒருவர் கையில் விளக்கோடு இருபதடி முன்னால் நடந்து வழி காட்டுவது போல வெளிச்சம் சாலையோடு ஒட்டிப் போனது. வண்டி சத்தம் போடாததால் தெரு தூங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பூனை அவசரமே இல்லாமல் குறுக்கே நடந்து, நடுவில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. கொடியில் தொங்கிய சட்டைகள், யாருக்காகவோ காத்திருக்கிற ஆட்களைப் போல நின்றன. நீலக் கதவு வந்தது. மாடிப்படியில் யாரோ மறந்துவிட்ட ஒற்றைச் செருப்பு வந்தது.

"இங்க ஒரு பால்கனி இருக்கா!" என்றார் அக்கா. கொஞ்ச தூரம் போய், "இந்த மரம் பூக்கிற மரமா?" என்றார். பத்தொன்பது வருடமாக அந்தத் தெருக்களில் அவர் பார்த்ததெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் ஒரு தட்டு அளவு தரை மட்டும்தான். மற்றதெல்லாம் அன்றைக்குத்தான் வந்து நின்றது போல இருந்தது அவருக்கு.

அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது. பள்ளிக்கூடத் தெருச் சுவரில் பிள்ளைகள் மீன்கள் வரைந்திருக்கிறார்கள். குழியில் சாவியைத் திருகிக்கொண்டே அக்கா மீன்களைப் பார்த்தார். ஒரு மீனுக்கு மூக்குக் கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பதினான்கிலேயே பதினெட்டு ஆகிவிட்டது என்று நினைத்து மூடியை மூடிவிட்டார்.

பத்து மணிக்கு இரண்டாம் மாடி டீச்சர் தலைமுடியில் சோப்பு நுரையோடு பால்கனியில் நின்று கூப்பிட்டார். "வால்வக்கா! தண்ணி கீழ் வீட்டோட நின்னுடுச்சு. மாடியில இருக்கிறவங்க எல்லாம் துறவியா, குளிக்காம இருக்க?"

அக்கா ஓடிப்போய் மிச்சம் நாலு சுற்றைத் திருகினார். பத்தொன்பது வருடத்தில் எண்ணிக்கை பிசகியது அதுதான் முதல் தடவை. மேற்பார்வையாளர் வர இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "வெளிச்சம் இல்லன்னா நான் விழறேன். வெளிச்சம் இருந்தா எண்ணிக்கை விழுது. பேசாம அந்தச் சுவத்தயே பாத்துக்கிட்டு உக்காந்துடட்டுமா?"

தையல்காரர் வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்தார். "இது எதுக்குன்னு நெனச்ச? வாய் சும்மா இருந்தா நான் கதை பேசிடுவேன், தையல் கோணிடும்." மறுபடியும் ஊசியை வாயில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா சாவியைக் குழிக்குள் இறக்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பதினெட்டு. கண்ணைத் திறந்து, மீன்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியில் ஏறினார்.

மேற்பார்வையாளர் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஹெல்மெட்டோடு பின்னால் உட்கார்ந்து, இரும்புச் சாவி முழங்காலில் இடிக்க, ஒவ்வொரு குழியிலும் அட்டையில் ஒரு டிக் போட்டார். பதின்மூன்று டிக். பதினான்காவது குழி எங்கள் முட்டுச்சந்தின் கடைசியில், எங்கள் பால்கனிக்கு நேர் கீழே இருக்கிறது. நான் அங்கே நின்றிருந்தேன்.

சந்து முனையிலேயே அக்கா இன்ஜினை நிறுத்தினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"அணைக்காதீங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"அந்த ஜன்னலோரம் பச்சக் கொழந்த சார். பொறந்து ஒரு வாரம்தான். ராத்திரி பூரா அழுதுட்டு இப்பதான் அசரும். முந்தாநாள் என் வெளிச்சம் பட்டு முழிச்சிடுச்சு. அதுல இருந்து அணைச்சிட்டுத் தள்ளிக்கிட்டுத்தான் போறேன்."

"இன்னும் ஒரு குழி இருக்கேக்கா. நடுவுல அணைச்சா நான் 'எரியவில்லை'ன்னுதான் எழுத முடியும். பாரத்துல வேற கட்டம் இல்ல."

அக்கா அட்டையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சந்தில் வண்டியைத் திருப்பவும் இடமில்லை.

"எறங்குங்க சார்."

அவர் இறங்கினார். அக்கா அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி அவர் சட்டைப் பாக்கெட்டிலேயே செருகினார். அட்டையை அவர் அக்குளில் இடுக்கிவிட்டார். பிறகு இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்து, உள்ளங்கைகளை விளக்குக் கண்ணாடியின்மேல் அழுத்தி வைத்தார். சந்து இருண்டது. விரல்கள் மட்டும் உள்ளேயிருந்து செம்பருத்தி நிறத்தில் ஒளிர்ந்தன.

"எரியுது இல்ல சார்?" என்றார் தாழ்ந்த குரலில்.

"எரியுது" என்றார் அவரும், அதே போலத் தாழ்ந்த குரலில்.

அக்கா தள்ள, அவர் விளக்கைப் பொத்தியபடி பின்னோக்கி நடந்தார். குழந்தை தூங்கும் எங்கள் கீழ் அறை ஜன்னலுக்கு முன்னால் வண்டி நின்றது. அக்கா ஸ்டாண்டு போட்டார். மூடியைத் தடவித் தூக்கி, சத்தமில்லாமல் சாய்த்து வைத்துவிட்டு, சாவியை இறக்கினார். திருகப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். மேற்பார்வையாளரின் இடது சுண்டுவிரல் பக்கமாக ஒரு கீற்று கசிந்து, ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தது. அக்கா சாவியை விட்டுவிட்டு வந்து, அந்த ஒரு விரலை மட்டும் பிடித்து, மற்ற விரல்களோடு மெல்லச் சேர்த்து வைத்தார்.