எதிர்க்கடைக் குளிர்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற வீதியில், பொம்பிளை வெளிக்கிடுத்துவதற்கென்று, அதாவது மணப்பெண் அலங்காரத்துக்கென்று, ஏசி போட்ட அறை வைத்திருந்த முதல் ஆள் ராஜினிதான். பத்து வருடங்களுக்கு முன்பு, சித்திரைப் புழுக்கத்தில் ஒரு மணப்பெண்ணின் முகப்பூச்சு தாலி கட்ட முன்னரே கழுத்துக்கு வழிந்துவிட்டது. வீடியோவில் அதைப் பார்த்து அழுத அந்தப் பெண்ணை ராஜினியால் மறக்க முடியவில்லை. சீட்டுக் காசை எடுத்து, வவுனியாவில் யாரோ கழித்துவிட்ட ஏசி ஒன்றை வாங்கி வந்து முன்னறையில் பொருத்தினாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் ‘ஏசி ராஜினி’. கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் இனிக்கும்.

போன தையில் கௌசலா வந்தாள். ஓமந்தையிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். ராஜினியின் வீட்டுக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு போட்டு, புத்தம் புதிய ஏசியோடு கடை திறந்தாள். ராஜினியின் ஏசி நெல் குத்துகிற மெசின் மாதிரி இரையும். எதிரே இருந்ததோ மூச்சே விடாது. ராஜினி குசினி வேலையை விட்டுவிட்டு, கௌசலாவின் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணத் தொடங்கினாள். மூன்று சோடிக்கு மேல் கிடந்தால் அன்று சோறு இறங்காது.

“அவளுக்கென்ன, அண்ணன் சுவிஸிலை. காசு வந்து கொட்டுது” என்று, அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் கணவன் வினோதனிடம் சொல்வாள்.

சித்திரை நடுவில் ராஜினியின் ஏசி நின்றுபோனது. திருத்த வந்த ஜனார்த்தனன் வெளிப்பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழும்பினான்.

“கொம்பிறசர் செத்துப்போச்சு அக்கா. மாத்த எழுவதாயிரம் ரூபா முடியும். மாத்தினாலும் எத்தினை நாளைக்கு ஓடுமெண்டு நான் சொல்லமாட்டன். புதுசு போடுங்கோ.”

“எதிரிலை இருக்கிறது என்ன அளவு?”

“பன்னிரண்டாயிரம் பீரியு. குளிரின்ரை அளவு அது.”

“அப்ப எனக்குப் பதினெட்டாயிரம்.”

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். “பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்பதாயிரமே காணும் அக்கா. பெரிசு போட்டால் வாங்கேக்கையும் காசு, பிறகு கரண்டுக்கும் காசு.”

“நான் அறைக்கு எவ்வளவு காணுமெண்டு கேக்கேல்லைத் தம்பி.”

பதினெட்டாயிரம் அளவு ஏசி மூன்று லட்சம் ரூபாய் என்றான். ஆனியில் விழும் சீட்டு ஒன்றரை லட்சம். மிச்சத்துக்குச் சங்கிலியை அடகு வைப்பதாக ராஜினி சொன்னாள்.

“ஆரோடை போட்டி?” என்று வினோதன் கேட்டான்.

வைகாசி முதல் முகூர்த்தத்துக்கு அருந்ததி என்ற பெண் முன்பே சொல்லி வைத்திருந்தாள். ராஜினி இரண்டு நில விசிறிகளை இரவல் வாங்கி வைத்தாள். விசிறி சூட்டைத்தான் வாரி இறைத்தது. மூன்றாவது தரம் பவுடர் கரைந்தபோது பெண்ணின் தாய், “பிள்ளை, குறை நினையாதையும். எதிர்ப்பக்கம் கொண்டுபோவமோ?” என்று மெதுவாகக் கேட்டார். ராஜினிக்குக் காது இரண்டும் எரிந்தன.

அதற்குள் கௌசலாவே வீதியைக் கடந்து வந்துவிட்டாள். “அக்கா, என்ரை அறையிலை வைச்சுச் செய்யுங்கோ. இண்டைக்கு எனக்கு ஆக்கள் இல்லை.”

வேறு வழி இருக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் பிடரியில் குளிர் பட்டது. அது அவ்வளவு சுகமாக இருந்ததுதான் ராஜினிக்குப் பொறுக்கவில்லை. கௌசலா ஊசி எடுத்துக் கொடுத்தாள், சேலை மடிப்பைப் பிடித்தாள். சும்மா இருக்க மாட்டாமல் ராஜினி கேட்டாள்:

“இதெல்லாம் அண்ணா அனுப்பினதோ?”

“அண்ணாவோ? அவர் ஃபோன் எடுத்து மூண்டு வருசமக்கா. காப்பு ரெண்டையும் வித்துத்தான் முதல் காசு கட்டினனான். மிச்சம் மாசாமாசம் கட்டுறன். கரண்ட் பில் பதினெட்டாயிரம் ரூபா வந்திட்டுது. ஆக்கள் இல்லாட்டி நிப்பாட்டிப்போட்டு வேப்பமரத்துக்குக் கீழை இருக்கிறனான். பிறகு சீலிங் அடிச்சு, மேற்கு யன்னலுக்குத் தடிச்ச சீலை போட்டாப்போலைதான் பில் குறைஞ்சது. சின்னன் வாங்கியிருக்கலாம், ஆரும் சொல்லித்தரேல்லை.”

ராஜினிக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். காப்பு போனதும் பில் எகிறியதும் அவளுக்குத் தேன் மாதிரி இருந்தது. அடுத்த நொடி, தன் வாய் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அருந்ததி அழகாகத்தான் போனாள். ஆனால் படம் முகநூலில் வந்தபோது பின்னால் கௌசலாவின் கடைப்பெயர் தெரிந்தது. பாராட்டெல்லாம் அவளுக்கே போனது. ‘அலங்காரம் ராஜினி அக்கா செய்தது, இடம் மட்டும்தான் என்னுடையது’ என்று கௌசலா கீழே எழுதினாள். ராஜினி அதை நாலு தரம் வாசித்தாள். கள்ளத்தனம் ஏதாவது அகப்படுமா என்று தேடினாள். அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

சங்கிலி கழுத்திலேயே கிடந்தது. ஆனியில் சீட்டு விழுந்ததும், அதோடு வைகாசிக் கலியாணக் காசையும் சேர்த்து, ஒன்பதாயிரம் அளவில் ஏசி ஒன்று வாங்கினாள். மிச்சத்தில் தகரக் கூரைக்குக் கீழே சீலிங் அடித்தாள். மேற்கு யன்னலுக்குத் தடித்த சீலை தைத்தாள். இந்த யோசனைகளை யார் தந்தது என்று வினோதனிடம் சொல்லவில்லை. “நல்லா யோசிச்சிருக்கிறீர்” என்று அவன் மெச்சினபோது, “ஓம்” என்று மட்டும் சொன்னாள்.

ஆவணியில் ஒரே நாளில் மூன்று பொம்பிளைகள் ராஜினியைத் தேடி வந்தார்கள். இருவருக்கு மேல் அவளால் முடியாது. நெடுநேரம் யோசித்து, மூன்றாவது பெண்ணை எதிர்ப்பக்கம் அனுப்பினாள். “நான்தான் அனுப்பினனானெண்டு சொல்லும்” என்றாள்.

முதல் பெண்ணின் அலங்காரம் முடிந்ததும் வாசலில் வந்து நின்றாள். கண்ணாடிக் கதவு திறந்து அந்தப் பெண் இறங்கி வந்தாள். கொண்டை, நெற்றிச்சுட்டி, புருவம் எதிலும் ஒரு பிழை சொல்ல இடமில்லை. பின்னால் நின்ற கௌசலா கையசைத்தாள். ராஜினியும் அசைத்தாள். புருவம் கொஞ்சம் கோணியிருந்தால் என்னவாம் என்று நினைத்தபடியே உள்ளே போய், அடுத்த பெண்ணுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.