அம்பரீன் வைத்த சட்டம்

ஆம்பூரில் தோல் கைப்பை தைத்து விற்கும் அம்பரீன், தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து பின்டரெஸ்ட் என்னும் படத் தளத்தில், வாங்குகிறவர்கள் பார்க்கும்படி ஒரு கூட்டுப் பலகை நடத்தினாள். தன் பையின் படத்தைப் போடுகிறவள் இன்னொருத்தியின் பையையும் பகிர வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

உயிர்த்தோழி அஃப்ஷா சில நாளாகத் தன் பையை மட்டுமே போட்டாள். "உன் தோஸ்துக்கு மட்டும் சட்டம் கெடையாதா?" என்று மற்றவர்கள் குத்திக்காட்ட, அம்பரீன் ரோஷத்தில் அவளை நீக்கிவிட்டாள். அவள் போட்ட படங்களும் கூடவே அழிந்தன.

போனில் அஃப்ஷா அழுதாள். "எம்புள்ள வேலூர் ஆஸ்பத்திரியில கெடக்கிறான்டி. வித்தா மருந்துக்காவது ஆகட்டும்னு வார்டுல உக்காந்து என் பைய மட்டும் போட்டேன். இன்னா ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அம்பரீன் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அஃப்ஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பையன் தேறிவிட்டான். அஃப்ஷா இப்போது ஷூ கம்பெனிக்குப் போகிறாள். பலகையை அம்பரீன்தான் நடத்துகிறாள். ஒரே தெருவில் இருந்தும் இருவரும் பேசுவதில்லை.