விழாத கொம்பு

என் வாழ்நாளில் ஓர் உயிரைக் கொல்லும்படி நான் சொன்னது ஒரே ஒரு முறை. அதைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. சில எனக்குச் சாதகமானவை, அவையும் பொய். ஆகவே நடந்ததை நானே எழுதிவைப்பதுதான் முறை.

முப்பத்தோர் ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்து, உப அதிபராக ஓய்வு பெற்றவன் நான். வீடு பள்ளிமுனையில், வயல் கட்டுக்கரைக் குளத்தின் கீழ். வயலைச் செய்பவர் ஒரு குத்தகைக்காரர். ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் நெல்லோடு ஒரு சிறு பொதியும் அவரிடமிருந்து வரும். மான் வத்தல். என் தந்தையார் காலத்து வழக்கம் அது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதை மான் என்று சொல்வதில்லை. காட்டாட்டு இறைச்சி என்போம். மேசையில் செபம் சொல்லி முடித்த அதே வாயால் நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கி உண்டிருக்கிறேன்.

விறாந்தைச் சுவரில், பலகையொன்றில் திருகி மாட்டிய ஒரு சோடி மான்கொம்பும் இருந்தது. வனசீவராசி அதிகாரியாக மாற்றலாகி வந்த என் பழைய மாணவர் ஒருவர் மரியாதைக்காக என்னைப் பார்க்க வந்த அன்று, தேநீரைக் கையில் வைத்தபடி அந்தக் கொம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இது வெடி வைச்ச மானோ?"

"எங்கட குடும்பத்தில ஒருத்தரும் துவக்குத் தொட்டதில்லை. அது மான் தானாய்க் கழட்டின கொம்பு."

"சரி சேர்" என்று சிரித்தார். வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் சொல்லும் சாக்குப்போக்கைக் கேட்டு நான் எத்தனையோ முறை அப்படிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு என்னை நோக்கி வந்தது அதுவே முதல் தடவை.

இரண்டு ஞாயிறுகளுக்குள் கோயில் வாசலில் இந்தப் பேச்சு அடிபடத் தொடங்கியது. மான் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்புகளைத் தேடி எடுக்க வெளிநாடுகளில் நாய்களைப் பழக்குவார்கள் என்று வாசித்திருந்தேன். நானும் ஒரு நாயைப் பழக்கி, குளத்தைச் சுற்றியுள்ள பற்றைக் காட்டில் விழுந்து கிடக்கும் கொம்புகளைக் கண்டெடுத்து அதிகாரியிடமே ஒப்படைத்தால், என் சுவரில் இருப்பதை யார் சந்தேகிப்பார்? என் தர்க்கம் அதுதான். தர்க்கத்தில் நான் கெட்டிக்காரன் என்று பெயர்.

மலையகத்திலிருந்து பெயர்ந்து வந்து கட்டுக்கரைப் பக்கம் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கூலிவேலை செய்துகொண்டிருந்தார். முன்னர் கண்ணிவெடி அகற்றும் இடத்தில் நாய்களோடு நடந்தவர். தவிட்டு நிறப் பெட்டை நாயொன்று அவரிடம் இருந்தது. தாயி என்று அழைப்பார். அதைக் கொம்பு தேடப் பழக்கித் தரும்படி கேட்டேன்.

"விழுந்த கொம்பு ஒண்ணு வேணுங்க ஐயா" என்றார். "வெட்டுனது ஆகாதுங்க. அதுல ரத்தம் இருக்கும். நாய்க்கு அதுதான் மொதல்ல மண்டையில ஏறும்."

சுவரில் இருந்ததை என்னால் கழற்ற முடியாது. பலகைக்குப் பின்னால், விழுந்த கொம்பில் இருக்கவே முடியாத மண்டையோட்டு எலும்பு இருப்பதை நான் அறிவேன். கொம்பொன்று வேண்டுமென்று குத்தகைக்காரரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் பசளைப் பையொன்றில் ஒரு கொம்பு வந்தது. தானாக விழுந்த கொம்பின் அடி குமிழ்போல உருண்டு, சொரசொரப்பாக இருக்கும். இதன் அடி வாளால் அறுத்துத் தட்டையாக இருந்தது. நடுவில் சிவப்பு, அதில் எறும்புகள். குளியலறையைப் பூட்டிக்கொண்டு சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவினேன்.

"அடி உடைஞ்சுபோச்சு" என்று சொல்லி நாயின் எசமானிடம் கொடுத்தேன்.

அவர் கையுறை அணிந்து அதை வாங்கினார். மனித வாசனை கொம்பில் படக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சரிங்க ஐயா." கொதிநீரில் அவித்து, நீரை வேலியோரம் ஊற்றினார். நாய் அந்த மண்ணை நக்கியது.

பள்ளிமுனையில் வெறுங்காணியொன்றில் பயிற்சி நடந்தது. கொம்பை ஒளித்து வைப்பார். நாய் கண்டுபிடித்தால் அதனருகே அசையாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் இறப்பர்ப் பந்து கிடைக்கும். முதல் நாள் அது கொம்பைத் தாண்டி ஓடியபோது பிரம்பால் முதுகில் ஓங்கி அடித்தேன். பழக்கதோசம். அவர் என் கையிலிருந்து பிரம்பை மெதுவாக எடுத்து வேலியில் சாத்தினார்.

"அடி வாங்குன நாய் மூக்கால தேடாதுங்க. பயத்தாலதான் தேடும்."

இரண்டு மாதத்தில் அது ஒருமுறைகூடத் தவறவில்லை. காணியில் திரிந்த கழுதைகளைத் திரும்பியும் பார்க்காது. அவ்வளவு சாதுவான பிராணி.

அதிகாரியை நானே அழைத்தேன். குளம் வற்றியிருந்த ஒரு காலை நேரம். குத்தகைக்காரர் பற்றை வெட்டக் கோடரியோடு வந்திருந்தார். நாய் மூக்கைத் தாழ்த்தி நேராகப் போயிற்று. நான் பெருமையோடு அதிகாரியைப் பார்த்தேன். அப்போது பற்றைக்குள் ஓர் அலறல் கேட்டது. மான் அப்படி அலறும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கொம்புள்ள ஆண்மான் ஒன்று. யாரோ வைத்த கம்பிச் சுருக்கில் பின்னங்கால் மாட்டி, எலும்பு தெரிய அறுந்திருந்தது. நாய் அதன் தொண்டையைக் கவ்வியிருந்தது. மான் எழுந்து விழுந்தது, மீண்டும் எழுந்தது, கம்பி காலை இன்னும் அறுத்தது. நாயை இழுக்க ஓடிய அதன் எசமானை மான் தலையைச் சுழற்றிக் குத்திற்று. கொம்பின் முனை தொடைக்குள் இறங்கியது. அவர் சேற்றில் விழுந்தார். நாய் விடவில்லை. தொண்டை கிழிந்து, மூச்சு இரத்தக் குமிழிகளாக வெளியே வந்து, கால்கள் உதறி நிற்கும்வரை விடவில்லை.

மான் அடங்கியதும் நாய் வாயை எடுத்தது. கொம்பருகே வந்து, பழக்கியபடியே நிமிர்ந்து உட்கார்ந்தது. முகம் முழுவதும் இரத்தம். பந்துக்காகத் தன் எசமானைப் பார்த்தது.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "சேர், இந்த நாய்க்கு எதைக் காட்டிப் பழக்கினனீங்கள்?"

"கழண்ட கொம்பைத்தான். இது விசர் நாய், தம்பி. வைச்சிருக்கக் கூடாது." பிறகு குத்தகைக்காரரைப் பார்த்துச் சொன்னேன்: "முடி."

"ஓம் ஐயா."

கிடந்தவர் ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு மறு கையால் பையிலிருந்து பந்தை எடுத்திருந்தார். "வேணாங்க, சொன்னதத்தானே செஞ்சிருக்கு" என்றார். நாயின் கண் பந்தில் இருந்தது. கோடரியை அது பார்க்கவில்லை. பின்புறத்தால் முதல் அடி. மண்டை உடைந்த ஓசை கேட்டது. அப்போதும் அது உட்கார்ந்திருக்கவே முயன்றது. இரண்டாம் அடியில் சரிந்தது.

சேற்றில் கிடந்தவர் பையிலிருந்த பயிற்சிக் கொம்பை, முதன்முறையாகக் கையுறையின்றி எடுத்து, அதிகாரியிடம் நீட்டினார். "ஐயா குடுத்ததுங்க."

அதிகாரி அடியைத் திருப்பிப் பார்த்தார். "சேர், இது விழுந்த கொம்போ?"

எனக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. கூலிக்காரன் கொம்பை மாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். என் மாணவர் அதை நம்பியிருப்பார். நம்பவே விரும்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த மனிதர்மீது வழக்கு விழுந்திருக்கும். சேற்றில் கிடந்த அவருடைய செருப்பில் இரத்தம் நிரம்பிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றேன். "அறுத்தது. எனக்குத் தெரியும்."

"ஐயா, என்ன கதைக்கிறீங்கள்?" என்றார் குத்தகைக்காரர்.

"வீட்டுச் சுவரில இருக்கிறதும் அப்படித்தான்."

நான் அதைச் சொன்னபோது நாய் இறந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஊரார் என்னை நேர்மையாளன் என்று புகழும் கதை இந்த வாசகத்திலிருந்துதான் பிறந்தது. அந்த இரண்டு நிமிடத்தை அவர்கள் சொல்வதில்லை.

என்மீது வழக்கு வந்தது. கோயில் சபையிலிருந்து நானே விலகினேன். குத்தகைக்காரர் என்னோடு முகம் கொடுப்பதில்லை. சில மாதங்கள் கழித்து, நாயை இழந்த அந்த மனிதரின் வீட்டுக்குப் போனேன். நொண்டியபடி வந்து கதிரை போட்டார். முற்றத்தில் ஒரு புது நாய்க்குட்டி கட்டியிருந்தது.

"அது வெட்டினது எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளேங்க. உடைஞ்சதுன்னு சொன்னீங்க. படிச்ச வாத்தியார் சொல்றாரேன்னு வாய மூடிக்கிட்டேன்." குட்டியைப் பார்த்தார். "மூடியிருக்கக் கூடாதுங்க."

பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய ஒரு கொம்பைக் கொண்டுவந்து தடித்த பலகையொன்றின்மேல் வைத்தார். குளத்தோரம் அவரே கண்டெடுத்தது. அடி குமிழ்போல உருண்டிருந்தது. உண்மையில் விழுந்த கொம்பொன்றை அவ்வளவு அருகில் நான் அதுவரை கண்டதில்லை. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன்.

"வேணாங்க ஐயா" என்றார். "உங்க கை வாசம் அதுல படக் கூடாதுங்க."