எக்ஸால் வகுத்த மூன்றாவது வரி

புனேயில் பி.எஸ்ஸி. வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலத்தில் என் வாயில் ஓயாமல் வந்த மராத்தி ஒன்றே ஒன்றுதான்: “ஜீரோ பகித்லா கா?” பூஜ்யத்தைப் பார்த்தாயா என்று அர்த்தம். ஒரு நிபந்தனைக்குள் நின்று மிகப் பெரிய மதிப்பைத் தேடும் கணக்குகளில், பிள்ளைகள் சமன்பாட்டை எக்ஸால் வகுத்துத் தள்ளிவிடுவார்கள். எக்ஸ் பூஜ்யமாக இருந்தால் வகுக்கக் கூடாதே! சில சமயம் விடையே அங்கேதான் இருக்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். முதுகுக்குப் பின்னால் அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பருவத் தேர்வு. வட்டத் தகட்டின் விளிம்பில் எந்த இடத்தில் சூடு அதிகம் என்று கேட்டிருந்தேன். ஊரோரத்துக் கட்கியிலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி. அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அந்தக் கேள்விக்கு அவளுக்கு முட்டை போட்டேன். அதனால் ஐந்து மார்க் குறைந்து ஃபெயில். ஃபெயிலானால் ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

மறுநாள் தாளோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். கெஞ்சத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அவளோ என் விடைக்குறிப்பைக் காட்டச் சொன்னாள். வாசித்துவிட்டு, மூன்றாவது வரியில் விரல் வைத்து மெதுவாகக் கேட்டாள்.

“மேடம், ஜீரோ பகித்லா கா?”

குறிப்பை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் நானே எக்ஸால் வகுத்திருந்தேன். எக்ஸ் பூஜ்யமாகும் இடத்தில்தான் தகடு அதிகம் சுட்டது, என் விடையைப்போல இரண்டு மடங்கு. வகுப்பிலேயே அதைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது, பொய் சொல்வானேன். “நீ போட்டதுதாம்மா சரி. தப்பு என்னுது,” என்று முட்டையை அடித்துப் பத்து போட்டேன். பாஸ். மற்றவர்களின் தாள்களையும் வாங்கி மறுபடி திருத்தினேன். மார்க் போனவர்கள் சும்மா இருப்பார்களா? தன்னைப்போலத் தமிழ்ப் பெண் என்பதால் மேடம் சலுகை காட்டிவிட்டாள் என்று முணுமுணுத்தார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் தப்பு விடையை அப்படியே கரும்பலகையில் எழுதி, சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தமிழில் நாலு வார்த்தை பேசத் திணறுகிறவள், மராத்தியில் என் மூன்றாவது வரியைப் பிரித்து மேய்ந்தாள். முணுமுணுத்தவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. நானும் எழுதிக்கொண்டேன்.