ராயபுரம் போன வழியில் மாமா துப்பிய ரத்தம்

எர்ணாவூரிலிருந்து ராயபுரம் போவதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிக்காதீர்கள். பத்து கிலோமீட்டர்தான். ஆனால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் காலையில், அது ஆகிற நேரத்துக்கு வெளியூருக்கே போய்விடலாம். மழைக்காலம் முடிந்ததும் மாமாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாமா என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர், அந்தோணி. தொழிற்சாலையில் ஃபிட்டர். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள், சர்க்கரை இறங்கவில்லை என்று தள்ளிப்போடுவார்கள். மங்கிய கண்ணோடு மெஷின்களுக்கு நடுவே நிற்கிறாரே என்று அக்காவுக்குத் தூக்கமே இல்லை. சோற்றைப் பாதியாக்கினாள். மாத்திரையும் கூடியது. அப்படியும் இறங்காததால், மனுஷன் திருட்டுத்தனமாக ஸ்வீட் தின்கிறார் என்று முடிவுகட்டி, தினமும் அவர் சட்டைப் பையைத் துழாவினாள். பாவம், மாமா சத்தியம் செய்தே அலுத்துப்போனார்.

அன்றும் கண் டாக்டரிடம்தான் போய்க்கொண்டிருந்தோம். ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது ரூபாய். காலடிப்பேட்டை அருகே நெரிசலில் நின்றபோது மாமா வெளியே துப்பினார்.

“இன்னா நைனா, ரத்தமா கீது?” என்றார் டிரைவர்.

தாடையில் மெட்டல் திருகு இறக்கி இம்பிளான்ட் பல் வைத்த இடமாம். மாதக்கணக்காக இப்படித்தானாம். “மெட்டலுக்கு இன்னா மச்சான், சொத்தையா வரும்? அந்தப் பக்கம் நான் பிரஷ்ஷே போடறதில்ல” என்றார். தொழிற்சாலையில் ஒரு போல்ட்டைச் சுற்றி அழுக்கு இருந்தாலும் ஆளை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ராயபுரத்தில் இறங்கியதும் முதலில் பல் டாக்டரிடம் இழுத்துப்போனேன். இம்பிளான்ட் பல்லுக்குச் சொத்தை வராது, சுற்றியுள்ள ஈறு அழுகுமே என்றார் அந்த அம்மா. உள்ளே சீழ் கட்டியிருந்தது. அப்படி ஒரு புண் ஆறாமல் கிடந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும், சர்க்கரை ஏறினால் புண் ஆறாது என்று விளக்கினார். இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் கறாராகச் சொல்லிவிட்டார். சுத்தம் செய்ய நாலைந்து தடவை போய்வந்தோம். ரத்தம் நின்றது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் சர்க்கரையும் மெல்ல இறங்கியது. கண்ணுக்கு நாள் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: லாரி நெரிசல் குறைந்த பிறகு கிளம்புங்கள். சர்க்கரை இருந்தால் பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். ஈறில் ரத்தம் வந்தால் சர்க்கரை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

ஆபரேஷன் அன்று காலை, பழக்க தோஷத்தில் அக்கா மாமாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். பல்லிடுக்கைத் துலக்கும் குட்டி பிரஷ் வந்தது.

“உன்ன ரொம்பப் பேஜார் பண்ட்டேன்யா” என்றாள்.

பிரஷ்ஷை முந்தானையில் துடைத்து, அதே பையில் வைத்துப் பித்தானைப் போட்டுவிட்டாள்.