மருமகள் சொல்லாத நிறம்

கசாக் நாட்டின் தாராஸ் நகரத்துப் போக்குவரத்து நீதிமன்றத்தை மற்ற வக்கீல்கள் சில்லறைக் கோர்ட்டு என்பார்கள். அதைக் கேட்டாலே கம்ஷாத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வருஷமாக அங்கேயே கிடக்கிற வக்கீல் அவள். கொலைக் கேசுக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுப்பார்கள். இங்கே ஆளுக்குப் பத்து நிமிஷம், ஒரே ஒரு காகிதம். நடுரோட்டில் நின்று போலீஸ்காரன் கிறுக்கியதில் ஒரு சொல் பிசகினால் போதும், குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். பயப்பட வேண்டிய இடம் இதுதான் என்று எவனுக்கும் புரிவதில்லை.

அன்று காலை அவளே அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டாள். கட்சிக்காரி நசீபாவுக்கு இருபத்து மூன்று வயசு. எட்டு மாசக் கைக்குழந்தை. அவள் ஓட்டிய கார் நாற்சந்தியில் ஒரு சைக்கிள்காரரை இடித்து, அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விளக்கு மஞ்சளில் இருந்தது என்றால் நிறுத்த நேரமில்லை என்று வாதாடலாம். போலீஸ் காகிதத்திலோ சிவப்பு. கீழே நசீபாவின் கையெழுத்து. சிவப்பு என்று முடிவானால் வழக்கு கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும், அப்புறம் ஜெயில்தான்.

"ஏண்டி படிக்காம கையெழுத்துப் போட்ட?" என்றாள் கம்ஷாத் நடைவழியில்.

"பச்சையான்னு கேட்டாரு, இல்லன்னேன். அப்ப சிவப்பான்னாரு. நான் பேசல. எழுதிட்டாரு அக்கா."

"சிவப்பா இருந்துச்சா?"

"இல்ல. நடு விளக்கு."

"அத அங்கயே சொல்றதுக்கென்ன? வாயில பவுர்சாக் பணியாரமா வச்சிருந்த?"

நசீபா தரையைப் பார்த்தாள். "மாமனாரு பக்கத்து சீட்டுல இருந்தாரு."

கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள் கம்ஷாத். அந்த மாமனாரை இன்றைக்கு வரச் சொன்னதே அவள்தான். முன்வரிசையில் ஒரு வெள்ளைத் தாடி இருந்தால் நீதிபதியின் மனசு கொஞ்சம் இளகும் என்பது அவளுடைய பழைய கணக்கு. கிழவரும் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

சேவகன் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பெயரை உரக்கப் படித்தான். "சாருபாய் ஜூமின்."

கம்ஷாத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. கசாக் மொழியில் சாரு என்றால் மஞ்சள். கசாக் வீடுகளில் மாமனார் காதுபட அவர் பெயர் மருமகள் வாயில் வரக் கூடாது. அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லும் வரக் கூடாது. வெண்ணெய்க்கே 'மஞ்சள் கொழுப்பு' என்றுதான் பேர். அதைக்கூட அந்த வீட்டில் 'ரொட்டிக்குத் தடவுறது' என்றுதானே சொல்லியிருப்பாள் இந்தப் பெண். ஐயோ, பேரைக்கூடக் கேட்காமல் இவரைக் கூட்டிவந்து, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேனே என்று கம்ஷாத் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

நீதிபதி த்சோய் அம்மா அங்கே குடியேறிய கொரியக் குடும்பத்துப் பெண். கசாக் மொழியில் அவருக்குத் தெரியாத சட்டச் சொல் கிடையாது. மருமகள் வழக்கம் மட்டும் தெரியாது.

"விளக்கு என்ன நிறத்துல இருந்துச்சு?"

"நடுவுல இருக்கறது, மேடம்."

"நிறத்தக் கேட்டேன்."

"ரொட்டியில தடவுவோமே, அந்த நிறம்."

பின்வரிசையில் சிரித்தார்கள். மூலையில் நின்ற போலீஸ்காரன், "பாத்தீங்களா மேடம், பொய் சொல்ல அவளுக்கே வாய் வரல" என்றான். நீதிபதியின் பேனா காகிதத்தை நோக்கிப் போயிற்று.

கம்ஷாத் எழுந்து விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க வழக்கத்த மதிக்கறேன்" என்றார் நீதிபதி. "ஆனா வக்கீல் சாட்சி சொல்ல முடியாது. அவ வாயாலதான் வரணும். ரெண்டு நிமிஷம் தர்றேன். அதுவரைக்கும் யாரும் எழுந்து வெளிய போகக் கூடாது."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தும் திறக்க முடியாதவள் என்ன செய்வாள்? நசீபா பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கம்ஷாத் அதைப் பார்த்தாள். இந்தப் பெண்ணை நான்தான் ஜெயிலுக்கு அனுப்பப் போகிறேன் என்று நினைத்தாள்.

கிழவர் எழுந்தார். "சொல்லும்மா. நான்தான் சொல்றேன், சொல்லு."

நசீபா அழுதபடி தலையை ஆட்டினாள். முடியாது.

ஒரு நிமிஷம் ஓடிவிட்டது. கிழவர் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு விரலை இரண்டு காதிலும் விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சாரு" என்றாள் நசீபா. காற்றுதான் வந்தது.

"கேக்கல" என்றார் நீதிபதி.

"சாரு" என்று கத்தினாள். நடைவழியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நீதிபதி கிழவரின் முதுகைப் பார்த்தார். பிறகு, சாலையில் வாங்கிய வாக்குமூலம் செல்லாது, நாற்சந்தியை மறுபடி பார்வையிட வேண்டும், வழக்கு இந்தக் கோர்ட்டிலேயே இருக்கும் என்று சொன்னார்.

கம்ஷாத் போய்க் கிழவரின் தோளைத் தொட்டாள்.

"சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா, தாத்தா. வீட்டுக்குப் போலாம்."

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் தலைகுனிந்து நிற்கிற பக்கம் திரும்பி, அவள் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."