அந்தப் பெயரில் எங்கள் ஊரில் யாரும் இல்லை

பாகூர் பக்கம் ஏழு ஊர்களுக்குக் கூரியர் கொண்டுபோகிற வேலை எனக்கு. ஸ்கூட்டர் என்னுடையது, பையும் மழைக்கோட்டும் ஆபீஸ் கொடுத்தது. மூன்று வருஷத்தில், கவரில் பெயரைப் படித்ததுமே எந்தத் தெரு, எந்த வீடு, அந்த நேரத்துக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்பது வரை சொல்லிவிடுவேன். அதனால்தான் அந்தக் கவர் கைக்கு வந்தபோது தயங்கினேன். எங்கள் ஊர் முகவரிதான். ஆனால் அந்தப் பெயரில் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வர வேண்டாம், கரியமாணிக்கம் போகிற ரோட்டில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நிற்கிறேன் என்று ஓர் ஆண் குரல் மரியாதையாகச் சொன்னது. போனேன். ஹெல்மெட்டும் மாஸ்க்குமாக ஒருவர் வந்து, ஓடிபி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். வாழ்த்து அட்டை மாதிரி மெல்லிய கவர்.

நான் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் வாங்குகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு வாத்தியார் முடி வளர்கிற எண்ணெயை பஸ் ஸ்டாப்பில்தான் வாங்கிக்கொள்வார். வாயை மூடிக்கொண்டிருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

அடுத்த மாதம் இன்னொரு கவர் வந்தது. இந்த முறை அவர் வந்த பைக்கைப் பார்த்தேன். டேங்கில் பச்சை டேப் ஒட்டியிருந்தது. தினமும் எங்கள் பின்தெருவில், நர்ஸம்மா வீட்டு வாசலில் நிற்கிற பைக். வந்தது அவருடைய மகன்தான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை செய்கிறவன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளவில்லை. எப்போதும் போல "சைன் பண்ணுங்க சார்" என்றேன்.

மூன்றாவது கவர் வந்த அன்று, ஆபீசில் மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் முன்னால் கவரைப் பிரித்தார்கள். உள்ளே பிறந்தநாள் அட்டை. அதன் இரண்டு மடிப்புக்கு நடுவில், ஸ்டாம்ப் அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கிழிக்கிற மாதிரி ஒரு காகிதம். போதை மருந்தில் ஊறவைத்த காகிதம் என்றார் போலீஸ்காரர்களில் மூத்தவர். இன்டர்நெட்டில் டார்க் வெப் என்கிற மறைவான இடத்தில் ஆர்டர் போடுகிறார்களாம். விற்கிறவன் யார் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது, வாங்குகிறவன் யார் என்று விற்கிறவனுக்கும் தெரியாது. வேறு மாநிலத்தில் விற்றவன் பிடிபட்டு, அவன் லேப்டாப்பிலிருந்து இந்த முகவரி கிடைத்திருக்கிறது. போன் நம்பர், பக்கத்து ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் பேரில் இருந்தது. ரோட்டோரம் குடை விரித்து சிம் விற்கிறவனிடம் வாங்கியபோது இரண்டு தரம் கைரேகை வைக்கச் சொன்னார்களாம். அவர் பேரில் இன்னொரு சிம் போனது அவருக்குத் தெரியாது.

"வாங்குற ஆள் யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து எல்லாத் தடுப்பூசியும் போட்டது அந்த நர்ஸம்மாதான். ஆனாலும் சொல்லிவிட்டேன். காலேஜ் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே, அதனால்தான் சொன்னேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பயந்துதான் சொன்னேன்.

அவர்கள் சொன்னபடி போன் செய்தேன். பதற்றத்தில் சார் என்று சொல்ல மறந்து, "தம்பி, பார்சல் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவனும், "வரேங்க்கா" என்றான்.

வந்தான். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்றவர்கள் கையைப் பிடித்து ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அவன் திமிறவில்லை. என்னைப் பார்த்து, "நான்னு எப்பலேர்ந்துக்கா தெரியும்?" என்று கேட்டான்.

"ரெண்டாவது வாட்டியே தெரியும்."

"அப்ப இன்னாத்துக்குக் கேக்கல?"

அதற்குள் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாங்கிய காகிதத்தைக் கத்தரித்து, தெரிந்த காலேஜ் பையன்களுக்கு விற்றிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

நாலாம் நாள் நர்ஸம்மா என் வீட்டுக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து, மகளை உள்ளே அனுப்பினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"தெரிஞ்ச அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"அதுல இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. வேற ஏதோன்னு நெனச்சிட்டேன்."

தலையை ஆட்டினார். மகன் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறான் என்று, மூன்று வேளையும் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு டியூட்டிக்குப் போவாராம். "ஒரே வூட்டுல இருந்த எனக்கே தெரியல. உன்ன இன்னா சொல்றது" என்றார். கிளம்பும்போது மகளைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடம் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். அந்த வருஷமே மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அவன் சில மாதங்கள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். கேஸ் இன்னும் நடக்கிறது. ஒரு முறை நானும் சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஹெல்மெட் போட்டிருந்தவரை எப்படி அடையாளம் தெரிந்தது என்று அவன் வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். பைக்கைப் பற்றிச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் வில்லியனூர் லைனுக்கு ஆள் வராமல் நான் போனபோது, அங்கே மார்க்கெட்டில் எதிரே வந்தான். இளைத்திருந்தான். நானாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அவன் நின்று, "நல்லா இருக்கீங்களாக்கா, பாப்பா இன்னா படிக்குது?" என்று கேட்டான். ஆறாவது என்றேன். அம்மாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டதாகச் சொன்னான். இரண்டு பேரும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தோம். அப்புறம் அவன் கத்தரிக்காய் வாங்கப் போனான். எனக்கு இன்னும் எட்டு பார்சல் இருந்தது.